தராசில் குறையும் நூறு கிராம்

தேகு ரோடு, கட்கி, தாபோடி பக்கம் தமிழர்கள் குடியிருக்கும் சால்களில் ஒரு வீட்டில் வளைகாப்பு என்றால், அன்று அந்த வரிசைக்கே விசேஷம்தான். பெண்ணை மனையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று பக்கத்து அறைகளுக்கெல்லாம் தட்டு போகிறது. வளையல் ஓசை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும், பிள்ளை மகிழும் என்பது பெரியவர்கள் சொல்லி வந்த வார்த்தை.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு எட்டுவது வளையல் ஓசை மட்டும்தானா? வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் பந்திக்கு முன் ஒன்றும், பந்திக்குப் பின் ஒன்றுமாகப் பீடி பற்ற வைக்கிறார்கள். அந்தப் புகை ஒரே ஜன்னல் உள்ள அறைக்குள் போய்ச் சுற்றுகிறது. கூட்டம் கலைந்த பிறகு, வாய் குமட்டுகிறது என்று சொல்லும் பெண்ணுக்கு, "இதை ஒரு விரல் தேய்த்துக்கொள், சரியாகிவிடும்" என்று சொல்லி மிஸ்ரி டப்பாவை நீட்டும் அண்டை வீட்டுக்காரியும் இருக்கிறாள். வீட்டுக்காரர் கேட்ட பாக்கி வாடகை, ஊரில் அடைக்க வேண்டிய கடன், பிரசவத்துக்குத் துணைக்கு வர முடியாத தாயார் ஆகிய கவலைகள் இரவில் அவளைத் தூங்க விடுவதில்லை.

புகையிலையும் மனக் கவலையும் பிறக்கப்போகும் குழந்தையின் உடலில் போய் எழுதப்படுகின்றன என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் அதை யாரிடம் சொல்லுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. கர்ப்பிணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கணவனையும் வீட்டையும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டரைக் கிலோ என்னும் கோடு

குழந்தை பிறந்ததும் நர்ஸ் அதைத் துடைத்துத் தராசில் வைக்கிறார். முள் 2,500 கிராமுக்குக் கீழே நின்றால், அது எடை குறைந்த குழந்தை. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கோடு இது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் இந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்தவை. எடை குறைந்த குழந்தைக்கு உடற்சூடு சீக்கிரம் இறங்கும். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. மற்றக் குழந்தை தாங்கும் காய்ச்சலை இது தாங்காது.

இந்த விஷயத்தில் புனே நகரம் உலகத்துக்கே பாடம் சொல்லிய ஊர். ராஸ்தா பேட்டையில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. அது நிற்கும் தெருவின் பெயர் சர்தார் முதலியார் சாலை. தமிழ்ப் பெயர் தாங்கிய அந்தச் சாலையில் உள்ள மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும், 1993ஆம் ஆண்டு தொடங்கி, புனேக்கு அருகில் உள்ள 6 கிராமங்களின் கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 3.5 கிலோ. கீரையும் பழமும் பாலும் உண்ட தாய்மார்களின் குழந்தைகள் சற்றுப் பருமனாகப் பிறந்தன. கர்ப்ப காலத்தில் உடல் நோக அதிகம் உழைத்த பெண்களின் குழந்தைகள் சிறுத்துப் பிறந்தன.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றரைக் கிலோவில் 200 கிராம் குறைந்தால் குழந்தை 3.3 கிலோ. கோட்டுக்கு வெகு உயரத்தில்தான் நிற்கிறது. ஆனால் 2,600 கிராம் இருக்க வேண்டிய குழந்தைக்கு 105 கிராம் குறைந்தால் 2,495. கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்துவிடுகிறது. பணக்காரன் பையில் நூறு ரூபாய் தொலைந்தால் அவனுக்குத் தெரியாது. கூலிக்காரன் பையில் தொலைந்தால் அன்று அடுப்பு எரியாது. எடையும் அப்படித்தான்.

மிஸ்ரி செய்யும் வேலை

105 என்ற எண் வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. மும்பையில் பிரகாஷ் குப்தா, ஸ்ரீவித்யா என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1,217 கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவம் வரை தொடர்ந்து கவனித்து, 2004ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் சுமார் 17 சதவீதத்தினர் புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்தியவர்கள். பெரும்பாலும் மிஸ்ரி. ஏழ்மை, வயது, படிப்பு போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 105 கிராம் குறைவாகப் பிறந்தன. பிரசவமும் சராசரியாக 6 நாள் முந்திக்கொண்டது. அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 2006ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, குழந்தை இறந்தே பிறக்கும் அபாயம் இப்பெண்களுக்குச் சுமார் இரண்டரை மடங்கு என்று தெரிவித்தது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு மிஸ்ரி பழக்கமில்லாத பெயர். புகையிலையைத் தவாவில் கருக வறுத்துப் பொடி செய்தால் அதுதான் மிஸ்ரி. பல் துலக்கும் பொடி என்று சொல்லித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. முதலில் காலையில் ஒரு தடவை. பிறகு சாப்பிட்ட பின் ஒரு தடவை. அப்புறம் வேலை முடிந்து உட்கார்ந்தால் ஒரு தடவை. பல் சுத்தமாகிறதோ இல்லையோ, ஈறு வழியாக நிகோடின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992இல் தடை விதித்தது. மராட்டிய அரசு 2012இல் குட்காவைத் தடை செய்தது. வீட்டு அடுப்பில் வறுத்துப் பொடிக்கும் மிஸ்ரியை எந்தத் தடை வந்து தடுக்கும்?

2016-17ஆம் ஆண்டு நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில், மராட்டியத்தில் புகைப்பவர்கள் பெரியவர்களில் சுமார் 4 சதவீதம்தான். மெல்லுகிறவர்களும் தேய்க்கிறவர்களும் சுமார் 24 சதவீதம். ஆகவே, "கர்ப்பிணிகளே, சிகரெட் பிடிக்காதீர்கள்" என்று சுவரில் எழுதி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடக் கூடாது. சிகரெட் பிடிக்காத பெண்ணுக்கு அந்த வாசகம் தன்னைப் பற்றியது என்றே தோன்றாது. அதே பெண் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை வைத்திருப்பாள். அல்லது மிஸ்ரி தேய்த்துக்கொண்டிருப்பாள். கேட்க வேண்டிய கேள்வி, "நீ புகைக்கிறாயா?" என்பதல்ல. "என்ன தேய்க்கிறாய், என்ன மெல்லுகிறாய், உன் வீட்டில் யார் புகைக்கிறார்கள்?" என்பதுதான்.

கணவன் விடும் புகை

புகையைப் பற்றிய எச்சரிக்கை பழையது. 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிம்ப்சன் என்ற ஆராய்ச்சியாளர், புகைக்கும் தாய்மாருக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று எழுதினார். பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைக் கணக்கெடுத்த போதும் அதே உண்மை வெளிப்பட்டது.

காரணம் எளிது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் இடத்தை, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட இறுக்கத்தோடு அது பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் குழந்தைக்கு என்று துண்டு போட்ட இடத்தில் ரவுடி வந்து உட்கார்ந்தது போலத்தான். நிகோடினோ நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வயிற்றுப் பிள்ளைக்கு மூச்சும் சோறும் அந்தக் கொடி வழியாகத்தான் வர வேண்டும். இரண்டும் குறைகின்றன.

தாய் புகைக்காமல், பக்கத்தில் இருப்பவர் விடும் புகையை அவள் சுவாசித்தாலும் பிள்ளைக்குக் கேடு உண்டு. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், அப்படிப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 30 கிராமுக்கு மேல் குறைந்து பிறந்தது தெரிந்தது. 30 கிராம் அற்பம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கோட்டின் ஓரத்தில் நிற்கும் குழந்தைக்கு அதுவும் பெரிது. பிறந்த பிறகும் அந்தப் புகை விடுவதில்லை. நெஞ்சுச் சளியும் காது நோயும் அதனால் கூடுகின்றன. தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் அபாயமும் கூடுகிறது.

பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆபீசில் குமாஸ்தா வெளியே போய்த்தான் புகைக்க வேண்டும். தொழிற்சாலையில் தொழிலாளி கேட்டுக்கு வெளியே போய்த்தான் பற்ற வைக்க வேண்டும். அதே மனிதர் மாலையில் வீடு திரும்பி, கர்ப்பிணி மனைவி படுத்திருக்கும் அறையில் சாவகாசமாகப் புகை விடுகிறார். முதலாளியின் ஆபீசுக்குக் கொடுக்கும் மரியாதையைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதற்கு உள்ளே மனிதனின் மனச்சாட்சிதான் போலீஸ்.

மனத்தின் பாரம்

மனக் கவலை வயிற்றுப் பிள்ளையைத் தொடுமா என்று சிலர் கேட்கலாம். தொடும். கோவாவில் 270 தாய்மார்களைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கர்ப்ப காலத்தில் மனச்சோர்வும் கலக்கமும் கொண்டிருந்த பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது கூடுதல் என்று கண்டது. தீராத பயமும் துக்கமும் உள்ளவரின் இரத்தத்தில் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் பெருகுகின்றன. தூக்கமும் பசியும் போகின்றன. அதன் பங்கு பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது.

சாதாரணக் கவலைகளுக்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நாள் அழுதாள், ஒரு நாள் மாமியாரோடு பேச்சு முற்றியது என்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மாதக் கணக்கில், பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் சுமக்கும் பாரத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பிழைப்பு தேடி வந்த குடும்பத்துப் பெண்ணின் பாரம் எத்தகையது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களை ஆராய்ந்து 2002இல் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு விடை சொல்லுகிறது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த பெண்களிடம் கண்ட காரணங்கள் இவை: குறைந்த வருமானம், கர்ப்ப காலத்தில் வந்த துன்ப நிகழ்ச்சிகள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, ஆண் பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது. சொந்த ஊரில், சொந்த மொழியில், உறவுக்காரர் நடுவில் இருந்த பெண்களின் நிலையே இது. புனேக்கு வந்தவளுக்கோ தாயார் ஓர் இரவும் பகலும் ரயிலில் வர வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். கணவன் இரவு ஷிப்டில் இருக்கிறான். மருத்துவமனையில் மராத்தியில் கேட்கிற கேள்விக்குத் தலையாட்ட மட்டும் தெரிகிறது. அதிகாலையில் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து மாடிப்படி ஏற்ற அவளைத் தவிர வேறு கை இல்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவன் ஏன் பீடியைத் தொடுகிறான்? ஓவர்டைம் அலுப்பும் கடன் தொல்லையும்தான். மனைவி ஏன் மிஸ்ரியைத் தொடுகிறாள்? அதே அலுப்பும் தனிமையும்தான். கவலை புகையிலையை அழைக்கிறது. புகையிலை காசைத் தின்று கவலையை வளர்க்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைத் தீர்க்க முடியாது. கர்ப்பிணியைக் கூப்பிட்டு, "நீ இப்படிச் செய்தால் பிள்ளை செத்துவிடும்" என்று மிரட்டுவதால் பாரம் கூடுமே தவிரக் குறையாது.

பாட்டி பெற்ற பத்துப் பிள்ளைகள்

"எங்கள் பாட்டி வெற்றிலை புகையிலை போட்டுக்கொண்டே பத்துப் பிள்ளை பெற்றாள், என்ன கெட்டுப் போயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பத்தில் எத்தனை தங்கின என்று பாட்டியைக் கேட்டால் அவள் கண் கலங்கும். தங்கிய பிள்ளைகள்தான் வந்து கதை சொல்லுகின்றன. தங்காத பிள்ளைகளுக்கு வாய் இல்லை.

"பன்னிரண்டு மணி நேரம் மிஷினோடு மல்லுக்கு நிற்பவனுக்கு ஒரு பீடியாவது வேண்டாமா?" என்பது இன்னொரு கேள்வி. இதைத் தள்ளிவிட முடியாது. உழைப்பவனுக்கு இளைப்பாறல் வேண்டும். ஆனால் நிகோடின் தருவது இளைப்பாறல் அல்ல. முந்திய பீடி போனதால் வந்த தவிப்பை அடுத்த பீடி தீர்க்கிறது, அவ்வளவுதான். பழக்கத்தை விட்ட சில வாரங்களில் அந்தத் தவிப்பு அடங்கிவிடுகிறது. ஒரு நாளைப் பீடிக் காசு மனைவிக்கு முட்டையாகவோ பாலாகவோ கீரைக்கட்டாகவோ மாறினால், புனே கிராம ஆராய்ச்சி சொன்ன மருந்து அதுவே.

செய்யக் கூடியவை

நம்பிக்கைக்கு இடம் உண்டு. பிரிட்டனின் 1958 கணக்கெடுப்பைக் கொண்டு 1972இல் எழுதிய கட்டுரை ஓர் அருமையான செய்தியைச் சொன்னது. நான்காம் மாத முடிவுக்குள் புகையை விட்ட தாய், புகைக்காத தாயின் நிலைக்கே வந்துவிடுகிறாள். பிந்தி விட்டாலும் பயன் உண்டு. விடாமல் இருப்பதைவிட எந்த மாதத்தில் விடுவதும் நல்லது.

கணவன்மார்கள் முதலில் வீட்டைப் புகையில்லா வீடு ஆக்க வேண்டும். வாசற்படியில் நின்று பிடிப்பதும் சாலில் உள்ளே பிடிப்பதும் ஒன்றுதான், புகை உள்ளேதான் வரும். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. 1800 11 2356 என்ற அந்த எண் புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அடுத்தபடி, தண்ணீர்க் குடத்தைக் கணவன் தூக்க வேண்டும். ஆண்பிள்ளைக்கு அது இழுக்கு என்று நினைப்பவர், தராசில் குறையும் கிராம்களை நினைத்துக்கொள்ளட்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு, 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பை வகுத்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம் இருக்கிறது. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவளை ஏழாம் மாதத்தில் மாடிப்படி துடைக்கச் சொல்லும் வீடுகளில் தமிழ் வீடுகளும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. முதல் குழந்தைக்கு மத்திய அரசு தரும் 5,000 ரூபாய் உதவிக்கு அங்கன்வாடியில் பெயர் பதிய வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த குமாஸ்தாக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு வரிசைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிறவர்கள், மராத்தி தெரிந்த இரண்டு மூத்த பெண்களைக் கர்ப்பிணிகளோடு மருத்துவமனைக்குத் துணையாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யலாம். அதற்கு மண்டபம் வேண்டாம், மைக் வேண்டாம். ஊரில் தாயும் அத்தையும் செய்ததை இங்கே அண்டை அயலார் செய்ய வேண்டும், அவ்வளவே. தாயில்லாத இடத்தில் துணை இருக்கிறது என்ற தைரியம் பெண்ணின் மனப்பாரத்தில் பாதியைக் குறைத்துவிடும்.

வளைகாப்பு ஏழாம் மாதத்தில் வருகிறது. நான்காம் மாதக் கெடுவோ அதற்கு முன்பே தாண்டிவிடுகிறது. ஆகவே நல்ல செய்தி காதில் விழுந்த அன்றே பீடிக் கட்டும் மிஸ்ரி டப்பாவும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். சில மாதம் கழித்து மனைவியின் கையில் வளையல் ஏறும்போது, கணவனின் சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லாமல் இருந்தால், அந்த வளையல் ஓசையைக் கேட்கும் பிள்ளை உண்மையிலேயே மகிழும்.